தூண்டிலும் தோட்டாவும்

ஜேடர்பாளையத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கே மீன் வறுக்க எண்ணெய் காய ஆரம்பித்துவிடும். படுகையணையில் குளிக்க வரும் கூட்டம் பத்து மணிக்கு மேல்தான். அதற்கு முன்னால் ஒரு டீயை வாங்கிக்கொண்டு ஆற்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும்.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு நாள், சேலத்திலிருந்து மூன்று பையன்கள் இரண்டு பைக்கில் வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு ராடு, ரீல். ஒரு டப்பாவில் மண்புழு, இன்னொன்றில் ராகிக் களி உருண்டை. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரியவர் மூங்கில் குச்சியும் நரம்பும் தக்கையுமாகக் குந்தியிருந்தார். நான்கு பேருக்கும் ஒரே ஆறு, ஒரே ஆசை.

பையன்களில் மூத்தவன் டீக்கு வந்தபோது கேட்டான்: "ஏனுங்கண்ணா, இங்க தூண்டில் போடறதுக்கு யார்கிட்டயாச்சும் கேக்கணுங்களா? போன மாசம் மேல காட்டுப் பக்கம் போனோம், தூண்டில் கொண்டுட்டு உள்ள போகக்கூடாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நாங்க பிடிக்கிற மீனைத் திரும்ப விட்டுர்றோம்ங்க. அது எப்படித் தப்பாகும்?"

"உட்காருங்க தம்பி. இன்னொரு டீ சொல்றேன்" என்றேன். அந்தக் கேள்விக்குள் ஒரு நூற்றாண்டுச் சட்டமும் ஒரு மீனினத்தின் தலைவிதியும் இருக்கின்றன. அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில், தண்ணீர் யாருடையது, மீன் யாருடையது என்ற கணக்கு. நம் பக்கத்தில் இரண்டும் ஒருவரிடம் இருப்பதில்லை. சேலம், நாமக்கல் மாவட்ட ஏரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய ஏரிகளின் கரையும் மதகும் நீர்வளத் துறையிடம் (பழைய பொதுப்பணித் துறை). சின்ன ஏரி, குட்டைகள் ஊராட்சி ஒன்றியத்திடம். ஆனால் உள்ளே இருக்கும் மீனுக்குத் தனி ஏலம் உண்டு. 'மீன்பாசி குத்தகை' என்று ஊரில் சொல்வது அதைத்தான். குத்தகை எடுத்தவர் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளைக் காசு கொடுத்து வாங்கி விட்டிருப்பார். அந்த ஏரியில் நீங்கள் வேடிக்கைக்குத் தூண்டில் போட்டாலும் அவர் தடுப்பது தன் முதலீட்டை நீங்கள் இழுக்கிறீர்களே என்ற வயிற்றெரிச்சலில்தான். ஆகவே ஏரியில் கேட்க வேண்டியது குத்தகைக்காரரிடம். பெரும்பாலானவர்கள் மரியாதையாகக் கேட்டால் ஒரு மூலையைக் காட்டுவார்கள்.

ஆறும் அணையும் வேறு கணக்கு. மேட்டூர் அணையில் மீன்வளத் துறை உரிமம் பெற்ற மீனவர்கள் பரிசலில் போய் வலை விடுகிறார்கள். அவர்களுக்கு அது பிழைப்பு. அணைக்குக் கீழே பள்ளிபாளையம், ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர், மோகனூர் என்று போகும் காவிரியில், கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் போடுகிறவரை யாரும் கணக்கில் எடுத்ததே இல்லை. இங்கே தடுப்பாரும் இல்லை, எண்ணுவாரும் இல்லை. இந்த இரண்டாவது பாதிதான் எனக்குக் கவலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

மூன்றாவது, காடு. மேட்டூருக்கு மேலே ஒகேனக்கல், அதற்கும் மேலே பிலிகுண்டு, அதையும் தாண்டினால் கர்நாடகம். இந்த ஆற்றோரக் காடுகளை அரசுகள் ஒவ்வொன்றாகச் சரணாலயம் ஆக்கிவிட்டன. கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயம் 1987இல் வந்தது. நம் பக்கம் காவிரி வடக்கு சரணாலயம் 2014இல். அதையும் கர்நாடகக் காட்டையும் இணைக்கும்படி, கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் சுமார் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு 2022 நவம்பரில் அறிவித்தது. நீர்நாயும் முதலையும் யானையும் வாழும் ஆற்றோரம் அது. அறிவித்தது மிக நல்ல காரியம். ஆனால் சரணாலயம் என்று பலகை வைத்த இடத்தில் தூண்டிலும் துப்பாக்கியும் ஒரே சட்டத்தின் கீழ் வந்துவிடும்.

எப்படி என்றால், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 'வேட்டை' என்ற சொல்லுக்கு மிக அகலமான பொருள் கொடுத்திருக்கிறது. கொல்வது மட்டும் வேட்டை அல்ல. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை வைத்து இழுப்பது, இவற்றுக்கு முயல்வது எல்லாமே வேட்டை. முள்ளில் ராகி உருண்டையைக் குத்தித் தண்ணீரில் எறிகிற நொடியிலேயே இரை வைத்தாயிற்று. மீனைத் திரும்ப விட்டீர்களா, வறுத்தீர்களா என்பது அதற்கு அப்புறம் வருகிற கேள்வி. அதனால்தான் அந்தப் பையன்களைத் திருப்பி அனுப்பினார்கள். அனுப்பியவர் தன் கடமையைச் செய்தார்.

இதற்கு 75 வருடம் முந்தைய இன்னொரு சட்டம் இருக்கிறது, அதுதான் எனக்கு இன்னும் வியப்பு. 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டம். நாலைந்து பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஆனால் எழுதியவர்களுக்கு ஆற்றின் உண்மையான எதிரி யார் என்று தெரிந்திருக்கிறது. தண்ணீரில் வெடி போட்டு மீனைக் கொல்லக்கூடாது என்பது ஒரு பிரிவு. நஞ்சைக் கலக்கக்கூடாது என்பது அடுத்தது. மூலச் சட்டத்தில் வெடிக்குத் தண்டனை இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். 1897இல் 200 ரூபாய் என்பது ஒரு குடும்பத்தைப் புரட்டிப்போடும் தொகை. அதே சட்டம் மாநில அரசுக்கு இன்னொரு அதிகாரமும் கொடுக்கிறது: வலைக் கண்ணின் அளவை வரையறுக்கலாம், குறிப்பிட்ட நீர்நிலையில் இரண்டு ஆண்டு வரை மீன்பிடிப்பையே நிறுத்தி வைக்கலாம். கருவி கையில் இருக்கிறது, எடுத்துப் பயன்படுத்தத்தான் ஆள் வேண்டும்.

வெடி என்று சொன்னால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கல்குவாரி இல்லாத திசை இங்கே ஏது? குவாரியில் பாறை பிளக்க வைக்கிற தோட்டாவில் ஒன்று மடுவில் விழுந்தால் போதும். மிதக்கிற மீனை அள்ளிக்கொண்டு போவார்கள். மிதக்காமல் அடியில் படிந்து அழுகுவது அதைவிட அதிகம். குஞ்சும் முட்டையும் கணக்கிலேயே வராது. தூண்டில்காரன் ஒரு காலை முழுக்கத் தவம் கிடந்து இரண்டு மீன் பிடிக்கிறான். தோட்டாக்காரன் ஒரு நிமிடத்தில் ஒரு மடுவின் அடுத்த ஐந்து வருடத்தை எடுத்துப்போகிறான். இரண்டையும் ஒரே சொல்லால் 'வேட்டை' என்று அழைப்பது சட்டத்துக்கு வசதியாக இருக்கலாம், ஆற்றுக்கு அது உதவவில்லை. ஏன் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் காவிரியிலேயே அது நடந்து காட்டியிருக்கிறது.

மஹ்சீர் என்று ஒரு மீன். பொம்மீன், பூமீன் என்றெல்லாம் தமிழில் பழைய பெயர்கள் உண்டு. கெண்டை வகையைச் சேர்ந்தது, ஆனால் நாம் குழம்பு வைக்கிற கெண்டையோடு ஒப்பிட முடியாது. உள்ளங்கை அகலச் செதில், பாறைகளுக்கு நடுவே பாய்கிற நீரை எதிர்த்து ஏறும் உடம்பு. காவிரியின் மஹ்சீருக்கு முதுகில் திமில்போல ஒரு மேடும், துடுப்புகளில் ஆரஞ்சுச் சிவப்பும் இருக்கும். 1946இல் கபினி ஆற்றில் வான் இங்கன் என்பவர் தூண்டிலில் பிடித்தது 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அவர் மைசூரில் புலி, சிறுத்தை உடல்களைப் பாடம் செய்து கொடுத்த புகழ்பெற்ற குடும்பத்தைச் சேர்ந்தவர். உலகத்தின் பெரிய நன்னீர்த் தூண்டில் மீன்களில் ஒன்று நம் ஆற்றில் இருந்தது என்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

இந்த ஆசை வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்தது என்று நினைக்க வேண்டாம். 12ஆம் நூற்றாண்டில் கல்யாணிச் சாளுக்கிய அரசர் மூன்றாம் சோமேசுவரர் பெயரில் வந்த மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூல், அரசர்களின் பொழுதுபோக்குகளில் தூண்டிலையும் சேர்த்து, எந்த மீனுக்கு எந்த இரை என்றுகூடப் பேசுகிறது. மெட்ராஸ் மாகாண அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில் பற்றிய தன் புத்தகத்தை 1873இல் வெளியிட்டது அதற்கு ஏழு நூற்றாண்டுகளுக்குப் பிறகு.

சுதந்திரத்துக்குப் பின் காவிரி மஹ்சீர் ஏறக்குறைய மறக்கப்பட்டுவிட்டது. 1970களில் வெளிநாட்டுத் தூண்டில்காரர்கள் தேடி வந்து, இன்னும் இருக்கிறது என்று உலகத்துக்குச் சொன்னார்கள். பெங்களூரில் 1972இல் தொடங்கிய தென்னிந்திய வனவிலங்குச் சங்கம் ஆற்றின் ஒரு பகுதியைக் குத்தகைக்கு எடுத்துக் காவல் போட்டது. பீமேஸ்வரி, காலிபோர், தொட்டமாக்கலி என்ற இடங்களில் தூண்டில் முகாம்கள் வந்தன. பிடிக்கலாம், எடை போடலாம், படம் எடுக்கலாம், பிறகு திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது விதி. முன்பு வலையும் வெடியுமாக இருந்த உள்ளூர் ஆட்களில் சிலருக்கு அங்கே வழிகாட்டி வேலையும் காவல் வேலையும் கிடைத்தன. எந்த மடுவில் எந்தப் பருவத்தில் மீன் நிற்கும் என்று அவர்களைவிட யாருக்குத் தெரியும்? ராத்திரி பரிசல் சத்தம் கேட்டால் எழுந்து ஓடியவர்களும் அவர்களே.

இங்கே பையன் குறுக்கிட்டான். "அப்ப நல்லதுதானுங்களே? அப்புறம் ஏன் மூடினாங்க?"

சரணாலயத்துக்குள் பொழுதுபோக்குத் தூண்டில் சட்டப்படி வேட்டைதான் என்ற நிலைப்பாடு இறுகி, 2012ஓடு அந்த முகாம்களில் தூண்டில் நின்றுபோனது. முகாம்கள் இயற்கைச் சுற்றுலாவாக மாறின. தூண்டிலோடு அந்தத் தண்ணீரை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்த கண்களும் பெரும்பாலும் போயின. அதற்குப் பிறகு வெடிக்கும் வலைக்கும் பயம் குறைந்தது என்று தூண்டில்காரர்களும் சில மீன் ஆய்வாளர்களும் தொடர்ந்து எழுதி வருகிறார்கள்.

எதிர்ப்பக்க நியாயத்தையும் கேட்க வேண்டும், அது லேசானது அல்ல. காட்டோரத்தில் பிறந்து வளர்ந்தவன் சோற்றுக்கு ஒரு மீன் பிடித்தால் கேஸ். வெளியூரிலிருந்து பணம் கட்டி வருகிறவன் அதே மீனைப் பிடித்து, மடியில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டால் விருந்தோம்பல். இதை எந்த மீனவரிடம் போய் நியாயப்படுத்துவீர்கள்? சரணாலயம் என்றால் எல்லோருக்கும் சரணாலயம் என்று வனத்துறை சொல்வதில் ஒரு நேர்மை இருக்கிறது. முள் குத்தி, அரை மணி நேரம் இழுபட்டு, கோடை வெயிலில் கரைக்கு வந்த மீன் திரும்ப விட்ட பிறகு பிழைக்கிறதா என்பதும் சரியான கேள்விதான். கொக்கிப் பல் இல்லாத முள்ளும், மீனைத் தண்ணீரை விட்டு எடுக்காத பழக்கமும் இழப்பைக் குறைக்கும், ஆனால் ஒன்றுமில்லாமல் ஆக்காது. இதையெல்லாம் நான் மறுக்கவில்லை. தூண்டிலை எடுத்தபோது அது செய்துகொண்டிருந்த காவலுக்கு மாற்று ஏற்பாடு வைக்காமல் எடுத்தார்களே என்பதுதான் என் மனக்குறை.

அந்த முகாம்கள் விட்டுச்சென்ற இன்னொன்று இருக்கிறது: நோட்டுப் புத்தகம். காலிபோர் முகாமில் 1998 முதல் 2012 வரை, யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், என்ன மீன், எவ்வளவு எடை என்று எழுதி வைத்திருந்தார்கள். மொத்தம் 23,620 மணி நேரம், 6,161 மஹ்சீர். அரைக் கிலோ குஞ்சிலிருந்து 46.8 கிலோ வரை. ஒரு ஆற்றின் ஒரு துண்டைப் பற்றி இவ்வளவு நீளமான பதிவு நம் நாட்டில் மிக அரிது. இங்கிலாந்தைச் சேர்ந்த ஏட்ரியன் பிண்டரும் கேரளத்தின் ராஜீவ் ராகவனும் மற்றவர்களும் அந்த நோட்டுகளை உட்கார்ந்து பிரித்துப் பார்த்தார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் சந்தோஷமான செய்தி. வருடம் போகப் போக, ஒரு மணி நேரத்துக்குச் சிக்கும் மீனின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஆனால் சராசரி எடை இறங்கியிருக்கிறது. சரி, குஞ்சுகள் பெருகுகின்றன என்று நினைக்கலாம். பிறகுதான் நிறத்தைப் பார்த்தார்கள். பெருகியது திமில் மஹ்சீர் அல்ல, நீலத் துடுப்பு மஹ்சீர் என்ற வேறோர் இனம். அது காவிரி மீனே இல்லை. கிருஷ்ணா ஆற்றுப் படுகையின் மீன். சைக்ஸ் என்பவர் 1839இல் புனே பக்கத்து ஆற்று மீனை வைத்து அதை விவரித்திருக்கிறார். மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் டாடா மின் நிறுவனத்தின் மீன் பண்ணையில் 1970களிலிருந்து அதன் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார்கள். 'மஹ்சீர் அழிகிறது, மஹ்சீர் விடுவோம்' என்ற நல்ல எண்ணத்தில் அவை நாட்டின் பல ஆறுகளுக்கும் போயின, காவிரிக்கும் வந்தன. அரசுத் துறையும் தூண்டில்காரர்களும் கைகோத்துச் செய்த காரியம். வந்த மீன் இடம் பிடித்தது, சொந்த மீன் சுருங்கியது.

இதைச் சொல்லும்போது எனக்கே தொண்டை கம்முகிறது. காவலும் போட்டார்கள், காசும் செலவழித்தார்கள், திரும்பவும் விட்டார்கள். ஆனாலும் எந்த மீனைக் காக்க வந்தோமோ அது தங்கள் கண் முன்னாலேயே குறைவதை, எண்ணிக்கை கூடுகிறதே என்ற மகிழ்ச்சியில் கவனிக்கவில்லை. அப்போது அந்த மீனுக்கு உறுதியான அறிவியல் பெயர்கூட இல்லை. கேரளத்தின் பாம்பாற்றில், அதுவும் அமராவதி வழியே காவிரிக்கு வரும் ஆறுதான், கிடைத்த ஒரு மஹ்சீருக்கு 2007இல் 'டோர் ரேமாதேவி' என்று பெயர் வைத்திருந்தார்கள். இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் மீனியல் அறிஞர் ரேமாதேவியைச் சிறப்பித்து வைத்த பெயர். காவிரியின் திமில் மஹ்சீரும் அதே இனம்தான் என்று 2018இல்தான் உறுதியானது. அதே ஆண்டு பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் 'மிக ஆபத்தான நிலையில்' என்ற வரிசைக்குப் போனது. சரியான பெயர் கிடைத்த ஆண்டிலேயே அழிவின் விளிம்பு என்ற முத்திரையும் வந்து சேர்ந்தது.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தத் தவற்றைக் கண்டுபிடித்துக் கொடுத்ததும் தூண்டில்காரர்களின் நோட்டுதான். அவர்கள் எழுதி வைக்காமல் போயிருந்தால், திமில் மஹ்சீர் எப்போது குறைய ஆரம்பித்தது என்று நமக்குச் சொல்ல ஆளே இல்லை.

இப்போது நம் சமவெளிக்கு வருவோம். 1925இல் கட்டத் தொடங்கிய மேட்டூர் அணையை 1934 ஆகஸ்டு 21இல் திறந்தார்கள். 120 அடி, 93.47 டி.எம்.சி. அது இல்லாமல் டெல்டாவும் இல்லை, நம் கிழக்கு மேற்குக் கால்வாய்ப் பாசனமும் இல்லை. அணையைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஆனால் புதுவெள்ளத்தில் ஏறிப்போய் முட்டையிடுகிற மீனுக்கு அது ஒரு சுவர். கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்த உள்ளம் மீன், வங்காளிகள் இலிஷ் என்று கொண்டாடுகிறார்களே அதுதான், அணைக்குப் பிறகு இங்கே பேச்சளவில் நின்றது. அணைக்குள் கோதாவரி, கங்கைக் கெண்டைகளை விட்டார்கள். 1952இல் இந்தியாவுக்கு வந்த திலேப்பியா, நம் வாயில் ஜிலேபிக் கெண்டை, ஏரி குளம் எல்லாம் நிறைந்தது. இனி இதைப் பரப்ப வேண்டாம் என்று 1959இல் மத்திய மீன்வள ஆராய்ச்சிக் குழு சொன்னபோது அது ஏற்கெனவே பரவியிருந்தது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை 2000இல் தடை செய்தார்கள், இன்றும் அது குட்டைகளில் வளர்கிறது, மழை வெள்ளத்தில் கரை உடைந்தால் ஆற்றில் நீந்துகிறது.

இதோடு ஏற்காடு மலையில் பிறந்து சேலம் நகரத்தைக் கடந்து வரும் திருமணிமுத்தாற்றைப் பாருங்கள். மழை பெய்தால் நாமக்கல் பக்கம் மதியம்பட்டியில் வெள்ளை நுரை பாலத்து உயரம் எழும்புகிறது, படம் எடுத்துப் பத்திரிகையில் போடுகிறார்கள். மேட்டூர் நீர்த்தேக்கத்தின் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் சில வருடங்களில் பச்சைப் பாசிப் படலம் மூடி நாற்றமடிக்கிறது. சாயக் கழிவு, சாக்கடை, உரம் எல்லாம் சேர்ந்த கணக்கு. இவையெல்லாம் ஒரு தூண்டில்காரன் கண்ணில் படாமல் தப்ப முடியாது. தண்ணீரின் நிறம் மாறினால், வழக்கமாகச் சிக்கும் மீன் சிக்காமல் போனால், சிக்கிய மீனின் உடம்பில் புண் இருந்தால் முதலில் பார்ப்பவன் அவன்தான். ஆனால் அவன் எழுதி வைப்பதில்லை, எழுதினாலும் கொடுக்க இடமில்லை.

"கடல்ல ரெண்டு மாசம் தடை போடறாங்களே, அது மாதிரி ஆத்துக்கு இல்லீங்களா?" என்றான் இரண்டாவது பையன். கெட்டிக்காரக் கேள்வி. நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் போகக்கூடாது. மீனவர் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. நாடு முழுக்கத் தெரிந்த ஏற்பாடு. ஆற்றுக்கு அந்த அளவுக்கு ஊருக்கே தெரிந்த ஒரு விதி நம் பக்கம் இல்லை. இமாச்சலப் பிரதேசத்தில் மழைக்காலத்தில் இரண்டு மாதம் அணைகளில் மீன்பிடிப்பை நிறுத்துகிறார்கள், தூண்டிலுக்கு உரிமச் சீட்டு கொடுக்கிறார்கள். நம் நீலகிரியிலேயே 1879இல் வேட்டைக்கும் மீனுக்கும் தனிச் சட்டம் போட்டார்கள். பின்னால் டிரவுட் மீனுக்கு அனுமதிச் சீட்டும் வந்தது. இங்கிலாந்தில் 13 வயதுக்கு மேல் உரிமம் இல்லாமல் நன்னீரில் தூண்டில் போட முடியாது. ஆறுகளில் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை முட்டைக் காலம் என்று ஓய்வு. அமெரிக்காவில் 1950இல் ஒரு சட்டம் போட்டு, ராடு, ரீல் விற்பனையில் வரும் வரியை மாநிலங்களின் மீன் பாதுகாப்புக்கே ஒதுக்கினார்கள். மீன் பிடிக்கிற ஆசையே மீனுக்குக் காசு கொடுக்கிறது.

நம் ஊரில் தலைகீழாக நடப்பது எது தெரியுமா? ஏத்துமீன். ஆடியில் புதுத் தண்ணீர் வரும்போது, ஐப்பசியில் ஏரி கோடி போகும்போது, மீன் எதிரேறும். வயிறு நிறையச் சினையோடு வரும். அந்த இடத்தில் கொசுவலையைக் கட்டி, கூடையை வைத்து, சேலையை விரித்து அள்ளுவோம். நானும் சின்ன வயதில் அள்ளியிருக்கிறேன், அந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கையில் இருக்கிறது. ஒரு மீனின் வயிற்றில் ஆயிரக்கணக்கில் முட்டை இருக்கும் என்று அன்றைக்கு யாரும் சொல்லித் தரவில்லை. காவல் வேண்டிய வாரங்கள் என்று ஆண்டில் சில இருந்தால் அவை இவைதான்.

அந்தப் பையன்களிடம் நான் கேட்டுக்கொண்டது மூன்று காரியம். சினையோடு வந்த மீனை விட்டுவிடுங்கள், ஆடி மாதம் முழுக்கக் கோடியிலும் கதவணை வாயிலும் தூண்டில் போடாதீர்கள். ஜிலேபியும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் சிக்கினால் திரும்ப விடாதீர்கள், அதைச் சாப்பிட்டால் ஆற்றுக்கு நல்லது. மூன்றாவது, போனில் எழுதி வையுங்கள்: தேதி, இடம், எத்தனை மணி நேரம், என்ன மீன், எவ்வளவு நீளம், தண்ணீர் எப்படி. ஒன்றும் சிக்காத நாளையும் எழுதுங்கள், காலிபோர் நோட்டுக்கு மதிப்பு வந்ததே அந்த மணிக்கணக்கால்தான்.

அரசிடம் கேட்க வேண்டியதும் பெரிதாக ஒன்றுமில்லை. சரணாலயத்துக்குள் தூண்டில் வேண்டாம் என்றால் வேண்டாம், ஒப்புக்கொள்வோம். ஆனால் முகாமில் வேலை பார்த்த உள்ளூர் ஆட்களை அதே தண்ணீருக்குக் காவலராக வையுங்கள், சம்பளம் கொடுங்கள். சரணாலயத்துக்கு வெளியே, மேட்டூரிலிருந்து மோகனூர் வரை, தூண்டில்காரனுக்குக் குறைந்த கட்டணத்தில் ஒரு சீட்டு கொடுங்கள். சீட்டைப் புதுப்பிக்க வரும்போது அவன் குறித்து வைத்ததை வாங்கிக்கொள்ளுங்கள். மூங்கில் குச்சிப் பெரியவரிடம் காசு வாங்க வேண்டாம். அவர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர் இருந்தால் போதும். 1897ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கும் அதிகாரத்தை எடுத்து, சினைக் காலத்தில் சில மடுக்களுக்காவது ஓய்வு கொடுங்கள். காவிரியிலேயே கர்நாடகத்தின் ராமநாதபுரத்தில் கோயில் படித்துறையைச் சுற்றி மஹ்சீரை யாரும் தொடுவதில்லை. பக்தி செய்யும் வேலையை ஒரு அறிவிப்புப் பலகையும் செய்யலாம்.

டீ ஆறிப்போயிருந்தது. மூன்றாவது பையன் அதுவரை ஒன்றும் பேசவில்லை. இப்போது கேட்டான்: "அந்தத் திமில் மீன் இன்னும் எங்காச்சும் இருக்குதுங்களா?"

இருக்கிறது. நம் தமிழ்நாட்டிலேயே, முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவில் ஓடும் மாயாற்றில். புலிகள் காப்பகம், அதனால் அங்கே தூண்டிலுக்கு இடமில்லை, இருக்கவும் வேண்டாம். இன்றைக்கு அது இனம் பெருக்குவதாகத் தெரிந்த மிகச் சில இடங்களில் முக்கியமானது அந்தப் பள்ளத்தாக்கு.

"இங்க வருமா?"

மேஜையில் சிந்தியிருந்த டீயை விரலால் இழுத்து அவனுக்கு வழி போட்டுக் காட்டினேன். மாயாறு வந்து பவானிசாகர் அணைக்குள் விழுகிறது, அது ஒரு சுவர். அதைத் தாண்டினால் கொடிவேரி. அடுத்தது காலிங்கராயன் அணைக்கட்டு. பவானி கூடுதுறையில் காவிரியைத் தொட்டால் கொஞ்ச தூரத்தில் சமயசங்கிலி கதவணை, பிறகு ஈரோட்டருகே வெண்டிப்பாளையம், பிறகு சோளசிராமணி. ஏழாவது, நாம் உட்கார்ந்திருக்கிற இந்தப் படுகையணை. வெள்ளம் வரும் ஆண்டில் ஒரு குஞ்சு அடித்துக்கொண்டு கீழே வந்துவிடலாம். வந்தது பெரிதாகி, சினை வைத்துத் திரும்ப ஏறிப்போக வேண்டும் என்றால் இந்த ஏழையும் கீழிருந்து தாண்ட வேண்டும்.

பையன் மேஜைமேல் இருந்த ஏழு கோட்டையும் ஒருமுறை எண்ணினான். பிறகு போனை எடுத்து, அன்றைய தேதியை அடித்து, கீழே 'ஜேடர்பாளையம், காலை 7.40' என்று எழுதினான். ஆற்றங்கரையில் பெரியவரின் தக்கை மெல்ல ஆட ஆரம்பித்திருந்தது.